மீனுக்கு முன்னால் செடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பியில் முதல் வாய்தான் குடித்திருப்பேன். வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுப் பையன் நின்றுகொண்டிருந்தான். ஏழு வயது. கையில் ஒரு டபரா. டபராவில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் ஒரு தங்கமீன், வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தது.

"அத்தை, இது தூங்குதா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "செத்துப்போச்சுன்னு அம்மா சொல்றாங்க. நான் தொட்டியைத் தட்டினேன். அதனாலயா?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பத்து நாட்களுக்கு முன்புதான் அவனுக்குப் பிறந்தநாள். மீன் தொட்டி, நீலமும் சிவப்புமாய்ச் சாயக் கற்கள், பிளாஸ்டிக் செடி இரண்டு, தங்கமீன் இரண்டு, எல்லாம் ஒரே பையில் வந்து இறங்கின. ஒரு மணி நேரத்தில் தொட்டி நிரம்பி, விளக்கு எரிந்து, மீன் நீந்தியது. தெருவே வந்து பார்த்தது. முதல் மீன் வெள்ளிக்கிழமை போயிற்று. இரண்டாவதுதான் இந்த டபராவில்.

"நீ தட்டினதால் இல்லையடா கண்ணா!" என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேறு எதனால் என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. குழந்தையின் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பதைப் போல் ஒரு வெட்கம் உண்டா? அன்று முதல் புத்தகம் புரட்டினேன். மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டேன். பையனின் அம்மாவோடு கடை கடையாகவும் அலைந்தேன். கற்றுக்கொண்டதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை மீன் தொட்டிக்கு அடம் பிடிக்கிறதா? அப்படியானால் கடைக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

மீன் ஏன் செத்தது?

மீன் மூச்சு விடும்போதும் கழிவு கழிக்கும்போதும் தண்ணீரில் அம்மோனியா சேருகிறது. போட்ட தீனியில் மிச்சமானதும் அழுகி அதே அம்மோனியா ஆகிறது. இது மீனுக்கு விஷம். குளத்திலும் ஏரியிலும் இது நடப்பதுதான். ஆனால் அங்கே மண்ணிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அந்த விஷத்தை மெள்ள மெள்ளத் தீங்கு குறைந்த உப்பாக மாற்றிவிடுகின்றன. நீர்ச்செடிகளோ அம்மோனியாவையே ஆகாரமாக உறிஞ்சிக்கொள்கின்றன. நேற்று வாங்கி இன்று நிரப்பிய தொட்டியில் அந்த நுண்ணுயிர்களும் இல்லை, செடியும் இல்லை. பிளாஸ்டிக் செடி எதைச் சாப்பிடும்? தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு போல் இருந்தது. உள்ளே விஷம் ஏறிக்கொண்டே போயிற்று.

குற்றம் குழந்தையுடையது அல்ல. வரிசை தப்பிப்போனதுதான் குற்றம். முதலில் செடி, மூன்று நான்கு வாரம் கழித்து மீன் என்று போயிருந்தால் அந்த டபரா என் வாசலுக்கு வந்திருக்காது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், சுமார் 12 காலன் பிடிக்கும் ஒரு பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்துச் சோதனை செய்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொண்டது. செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொண்டது. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கெட ஆரம்பித்தது. அழுகல் இலையைத் தின்ன நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார், தண்ணீர் தெளிந்துவிட்டது. இதையெல்லாம் 1850-ல் எழுதி வெளியிட்டார்.

அவருக்கும் முன்னால் ஒரு பெண்மணி உண்டு. அன்னா தின் என்ற பெயருடைய அவர், 1846-ல் கடலோரத்தில் கண்ட பவழப் பூச்சிகளை லண்டனுக்கு எடுத்து வந்து வீட்டிலேயே வளர்த்தார். கடல் தண்ணீர் கெடாமலிருக்க, வேலைக்காரப் பெண் ஜன்னலருகே நின்று, காற்றுப் படும்படி அதைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. நாம் காப்பி ஆற்றுவது போலத்தான். பிறகு கடற்பாசிச் செடிகளை உள்ளே விட்டார், வேலை எளிதாயிற்று. அந்த வேலைக்காரப் பெண் செடிக்கு எத்தனை நன்றி சொல்லியிருப்பாளோ!

எந்தச் செடி?

சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செடியும் அங்கே ரகம் ரகமாகக் கிடைக்கும். சிவப்பு இலை, ஊசி இலை, புல்தரை போலப் படரும் குட்டிச் செடி எல்லாம் கண்ணைப் பறிக்கும். அவற்றில் பலவும் பிரகாசமான விளக்கும், தனியாகக் கரியமில வாயுவும், உரமும் கேட்கிற செல்லப் பிள்ளைகள். முதல் தொட்டிக்கு அவை வேண்டாம். இருப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தும் செடிகள் ஆறு சொல்லுகிறேன்.

முதலாவது, வேலம்பாசி. கடைக்காரர் ஹைட்ரில்லா என்பார். பள்ளிக்கூடத்து ஸயன்ஸ் வகுப்பில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக் குழாய் வைத்து, குமிழ் குமிழாகப் பிராணவாயு வருவதைப் பார்த்தோமே, அதே செடிதான். நம் ஊர்க் குளத்துச் செடியாகையால் நம் வெயிலும் நம் தண்ணீரும் அதற்குப் பழக்கம். கிடுகிடுவென்று வளரும், வளர வளர அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும். புதுத் தொட்டிக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

இரண்டாவது, வாரிங்டன் வைத்த அதே வாலிஸ்னேரியா. ரிப்பன் போன்ற நீண்ட இலைகள். போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அது இதற்குப் பிடித்தமானது. வல்லாரைக் கொடி போல மண்மேல் தண்டு ஓட்டி, ஒரு சாண் தள்ளி ஒரு குட்டி போடும். குளத்திலே இதன் கல்யாணம் வெகு விசேஷம். ஆண் பூக்கள் தண்ணீருக்கடியில் செடியை விட்டுக் கழன்று மேலே வந்து, சின்னஞ்சிறு ஓடம் போல மிதக்கும். பெண் பூ நீண்ட காம்பில் ஏறி நீர்மட்டத்தில் காத்திருக்கும். ஓடம் வந்து சேர்ந்தபின் காம்பு சுருண்டு, காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது அனுபியாஸ்; ஆப்பிரிக்கக் காட்டு ஓடைக்காரி. நான்காவது ஜாவா ஃபெர்ன். இரண்டுக்கும் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் போதும். இலை கெட்டியாக இருப்பதால், கண்ட செடியையும் மென்று தீர்க்கும் தங்கமீன்கூட இவற்றை அநேகமாக விட்டுவிடும். வளர்ச்சி மட்டும் ஆமை வேகம். ஜாவா ஃபெர்னின் இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றினால் நோய் என்று கிள்ளி எறியாதீர்கள். அவை அதன் வித்துப் பைகள்.

ஐந்தாவது கிரிப்டோகோரைன். பெயர் வாயில் நுழையவில்லையா? கிரேக்க மொழியில் 'ஒளித்து வைத்த கதாயுதம்' என்று அர்த்தம். பூ அப்படி உறைக்குள் மறைந்திருக்கும். கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டி என்ற வகை இலங்கையின் ஓடைகளில் பிறந்தது. நிழலுக்கும் உஷ்ணத்துக்கும் அஞ்சாது.

ஆறாவதைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். உங்கள் பால்கனியில் படர்ந்திருக்கும் மணி பிளாண்ட்தான்! ஒரு முழம் கிள்ளி, தண்டும் வேரும் தண்ணீருக்குள், இலைகள் எல்லாம் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி தொட்டியின் விளிம்பில் செருகிவிடுங்கள். வேர் விட்டபின் மீன் கழிவின் உப்பையெல்லாம் உறிஞ்சித் தழைக்கும். அனுபியாஸ், கிரிப்டோகோரைன், மணி பிளாண்ட் மூன்றும் நம் சேப்பங்கிழங்குக்கு உறவுமுறை என்று அறிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடையில் ஏமாறாதிருக்க

நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடையில் தண்ணீருக்குள் பச்சைப் பசேலென்று நின்ற மூங்கில் போன்ற ஒன்றைப் பார்த்து, "இதுதான் அழகு, இதை வாங்குங்கள்" என்று பையனின் அம்மாவை வற்புறுத்தியவள் நான். மூன்றாவது வாரம் இலை மஞ்சளித்து, தண்டு கொழகொழத்து, தொட்டியே நாற்றமடித்தது. அது 'லக்கி பாம்பூ' என்று மேஜைமேல் வைக்கும் செடியாம். மூங்கிலும் இல்லை, நீர்ச்செடியும் இல்லை. வேரை நனைத்து வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். முழுக முழுக வைத்தால் அழுகும். இதுபோல் தரைச்செடிகள் சிலவற்றை மீன் தொட்டிச் செடி என்று விற்பது உண்டு.

கண்டுபிடிக்க ஒரு வழி: செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். தண்ணீருக்குள்ளேயே வளர்ந்தது பெரும்பாலும் நனைந்த துணி போலத் துவண்டு விழும். விறைப்பாக நிமிர்ந்து நின்றால் பெயரைக் கேட்டுக்கொண்டு, விசாரித்தபின் வாங்குங்கள். அனுபியாஸ் மட்டும் இதற்கு விலக்கு. அது எங்கேயும் விறைப்புத்தான்.

வீட்டுக்கு வந்ததும் செடியை நேரே தொட்டியில் போட்டுவிடாதீர்கள். குழாயடியில் மெதுவாக அலசி, அழுகிய இலைகளைக் கிள்ளி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்திருங்கள். இலைக்கடியில் கூழ்போல் ஒட்டியிருக்கும் நத்தை முட்டையை வழித்து எடுத்துவிடலாம். ஓரிரு நத்தை வந்துவிட்டாலும் குடி முழுகிப்போகாது. வாரிங்டன் விரும்பியல்லவா வைத்தார்?

நடுவது எப்படி?

சாயக் கல்லை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சற்றுப் பருமனான ஆற்று மணலை, அரிசி களைவது போலத் தண்ணீர் தெளியும்வரை களைந்து, இரண்டு அங்குல உயரம் பரப்புங்கள். வாலிஸ்னேரியாவையும் கிரிப்டோகோரைனையும் மணலில் நடவேண்டும். வேர்தான் புதைய வேண்டுமே தவிர, இலை முளைக்கும் குருத்து வெளியே இருக்க வேண்டும். வேலம்பாசியை மணலில் செருகலாம், மிதக்கவும் விடலாம்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேறு ஜாதி. இஞ்சி போலக் கிடையாகப் படுத்திருக்கும் தண்டு ஒன்று அவற்றுக்கு உண்டு. அதை மணலில் புதைத்தால் அழுகிவிடும். ஒரு கல்லின்மேல் வைத்து, தையல் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிடுங்கள். இரண்டொரு மாதத்தில் வேர் கல்லைப் பற்றிக்கொள்ளும், நூலை அறுத்துவிடலாம்.

மாடித் தோட்டத்துப் பழக்கத்தில் ஒரு பிடி சாணம், ஒரு சிட்டிகை யூரியா என்று கை நீண்டுவிடப் போகிறது, ஜாக்கிரதை! அது நேரே அம்மோனியாவில் கொண்டு விடும். இந்த ஆறு செடிகளுக்கும் மீனின் கழிவே பெரும்பாலும் போதும்.

வெளிச்சமும் தண்ணீரும்

ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். மேற்கு வெயில் தண்ணீரைச் சுடவைத்துவிடும். கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்கும். சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். விருந்தாளி வந்தார் என்று நடு இரவு வரை எரிய விட்டால் செடிக்கு லாபமில்லை, பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

இன்னொரு விஷயம். செடி இருக்கிறதே என்று இரவில் காற்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். வெளிச்சம் போனால் செடியும் நம்மைப் போலப் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத்தான் விடும்.

வாரத்துக்கு ஒருமுறை, கால் பங்கு தண்ணீரை ரப்பர் குழாய் வைத்து இறக்கி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முழுவதையும் கொட்டித் தேய்த்துக் கழுவும் சுத்தம் இங்கே உதவாது; நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கழுவிவிடுவோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமாகையால் முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். இறக்கிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். துளசிக்கும் ரோஜாவுக்கும் அதைவிட நல்ல உரத் தண்ணீர் கிடையாது.

இலை கரைந்தால்?

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். முதல் பத்து இருபது நாட்களில் செடிகளைப் பார்த்தால் மனசு உடைந்துவிடும். கிரிப்டோகோரைனின் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிபோல் ஆகிக் கரையும். வாலிஸ்னேரியா பழுத்துச் சாயும். "காசெல்லாம் தண்ணீரில் போயிற்று" என்று பிடுங்கி எறிந்துவிடத் தோன்றும். எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"அக்கா, இதுவும் போச்சு. எனக்கு எந்த உயிரும் ராசி இல்லை" என்றாள்.

வேரைப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று உறுதியாக இருந்தது. மறுபடி நட்டாள்.

விஷயம் இதுதான்: பண்ணைகளில் இந்தச் செடிகள் பலவற்றையும் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் காற்றுக்கு ஏற்றவை. முழுக வைத்ததும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற புது இலைகளைச் செடி முளைக்க வைக்க வேண்டும். தண்ணீர் மாறினாலும், இடம் மாற்றி நட்டாலும் கிரிப்டோகோரைன் இப்படிச் செய்யும். புக்ககம் வந்த பெண் முதல் மாதம் இளைத்துப் போகவில்லையா? அதைப் போல. கரைந்த இலையைக் கிள்ளி எடுங்கள்; வேரைத் தொடாதீர்கள். வேர் வெள்ளையாகவும் உறுதியாகவும் இருக்கும்வரை செடிக்கு உயிர் இருக்கிறது. வேரும் கறுத்துக் கொழகொழத்தால்தான் போயிற்று என்று அர்த்தம். அன்றாடம் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

புது இலை இரண்டு மூன்று துளிர்த்ததும் முதல் மீனை விடலாம். சிறு தொட்டிக்குத் தங்கமீன் ஆகாது. அது பெரிதாக வளரும், கழிவும் அதிகம். இரண்டு மூன்று கப்பி மீன் போதும். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி.

குளத்தில் கொட்டாதீர்கள்

செடி அமோகமாக வளர்ந்துவிட்டால் வெட்டியதை எங்கே போடுவது? பக்கத்துக் குளத்திலோ ஏரியிலோ கால்வாயிலோ மட்டும் போடாதீர்கள். அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியிருப்பதைத் தினமும் பார்க்கிறோம். 2020-ல் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் நீர்ப்பரப்பெல்லாம் இளஞ்சிவப்புப் பூவாய்ப் பூத்தது. பார்க்கக் கூட்டம் கூடியது. பூத்தது கபோம்பா என்ற அமெரிக்க நாட்டு மீன் தொட்டிச் செடி. பார்க்க அழகு, ஆனால் வாய்க்காலை அடைத்து, அங்கேயே பிறந்த செடிகளை நெருக்கும் களை. நாமும் சளைத்தவர்கள் அல்ல. நம் வேலம்பாசி 1950-களில் மீன் தொட்டி வியாபாரத்தின் வழியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருங்களையாகிவிட்டது. ஆகவே வெட்டிய செடியை நன்றாக வெயிலில் காயவைத்து, பூந்தொட்டிக்கு எருவாகப் போட்டுவிடுங்கள்.

எதிர்வீட்டுக் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அந்தக் கிரிப்டோகோரைன் பதினெட்டாம் நாள் துளிர் விட்டது. பிறகு மூன்று கப்பி வந்தன. கப்பியின் சங்கதிதான் தெரியுமே. இப்போது எத்தனை என்று எண்ண முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வாசல் மணி அடித்தது. பையன்தான். கையில் அதே டபரா. எனக்குத் திக்கென்றது. எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் விரல் நீளத்துக்கு ஒரு வாலிஸ்னேரியாக் குட்டி, வெள்ளை வேரோடு.

"அத்தை, இது உங்களுக்கு. அம்மாச் செடியிலேருந்து நானே பிரிச்சேன். மணல்ல நட்டா பிழைச்சுக்கும். பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது, சரியா?" என்றான்.

என் வீட்டில் தொட்டியே கிடையாது. அன்று சாயங்காலமே போய் ஒன்று வாங்கி வந்து நட்டுவிட்டேன். வேலம்பாசியும் ஒரு கட்டுச் சேர்த்தேன். மீன் இன்னும் வாங்கவில்லை. நாலு வாரம் ஆகட்டும் என்று பையன் என் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.